பல கடை, ஒரு பலகை: சுதந்திராக் கட்சி கூடிய கதையும் கரைந்த கதையும்

நம் சங்க மலருக்கு அரசியல் கட்டுரை எதற்கு, அதுவும் அறுபது வருஷத்துக்கு முந்தைய அரசியல் எதற்கு என்று சில நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் எழுதப் போவது இன்றைய தேர்தல் சண்டையைப் பற்றி அல்ல. சென்னையில் பிறந்து, நம் மும்பையில் கொள்கை வகுத்து, பாட்னாவில் முதல் தேசிய மாநாடு கூட்டி, குஜராத்திலும் ராஜஸ்தானிலும் ஒரிஸ்ஸாவிலும் வேர் விட்ட ஒரு கட்சியைப் பற்றி. ஒரு தமிழர் தம் எண்பதாவது வயதில் தொடங்கி வைத்த கட்சி அது. தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே, பல மொழிக்காரர்களோடு கலந்து வாழும் நம்மைப் போன்ற குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் கட்சிதான் சுதந்திராக் கட்சி. 1959-இல் தொடங்கி 1974-இல் முடிந்தது. அதை ராஜாக்கள் கட்சி என்றார்கள், பணக்காரர் கட்சி என்றார்கள், பிற்போக்குக் கட்சி என்றார்கள். பாடப் புத்தகங்களில் இரண்டு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. புகழவோ இகழவோ நான் வரவில்லை. வியாபாரியின் வழக்கப்படி வரவு செலவு பார்க்கிறேன். யார் யார் என்ன முதல் போட்டார்கள், கடைசியில் யார் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதே என் கணக்கு.

பங்கு வியாபாரத்தில் இரண்டு வகை உண்டு. எல்லோரும் முதலைப் பொதுப் பெட்டியில் போட்டு, ஒரே பேரேடு வைத்துக்கொள்வது ஒரு வகை. பலகையில் ஒரே பெயர் எழுதிவிட்டு, உள்ளே அவரவர் சரக்கு, அவரவர் வாடிக்கை, அவரவர் கணக்கு என்று நடத்துவது இன்னொரு வகை. சந்தை நன்றாக இருக்கும்வரை இரண்டாவது வகைக் கடையும் ஓடத்தான் செய்யும். நஷ்டம் வரும் நாளில்தான் எந்த வகை என்பது தெரியும். சுதந்திராக் கட்சியின் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு இந்த வித்தியாசம்தான் நினைவில் நிற்கிறது.

கட்சி ஏன் பிறந்தது?

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆன சமயம். மத்தியிலும் அநேகமாக எல்லா மாநிலங்களிலும் காங்கிரஸ் ஆட்சி. எதிரே இருந்தவர்களில் கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும்தான் கொஞ்சம் பலமானவர்கள். அதாவது அரசாங்கம் இன்னும் இடது பக்கம் போக வேண்டும் என்று இழுப்பவர்கள். "போதும், இவ்வளவு அதிகாரம் சர்க்கார் கையில் சேரக்கூடாது" என்று சொல்ல நாடு முழுவதற்குமான கட்சி எதுவும் இல்லை. ஜனசங்கம் இருந்தது, ஆனால் அதன் அக்கறை வேறு, அதன் வட்டம் அப்போது வடக்கே.

1958 நவம்பரில் தேசிய வளர்ச்சிக் குழு, உணவு தானிய மொத்த வியாபாரத்தை அரசாங்கமே எடுத்து நடத்துவது என்று முடிவு செய்தது. 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ், விவசாயிகள் நிலத்தை ஒன்று சேர்த்துக் கூட்டுறவுப் பண்ணை முறையில் சாகுபடி செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. உழவனுக்கு ஒரு அடி, தானிய வியாபாரிக்கு ஒரு அடி. இரண்டும் மூன்று மாதத்துக்குள் விழுந்தன.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்றைச் சொன்னால்தான் விஷயம் புரியும். வந்தவாசிப் பக்கம் நெல் வியாபாரம் செய்த என் தகப்பனார் "கண்ட்ரோல் காலம்" என்ற சொல்லைப் பஞ்ச காலம் என்று சொல்வது போலத்தான் சொல்வார். ஒரு ஊர் நெல் அடுத்த ஜில்லாவுக்குப் போக பெர்மிட் வேண்டும். பெர்மிட்டுக்கு ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். 1952 ஜூனில் சென்னை ராஜ்ய முதல் மந்திரியாக இருந்த ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். பஞ்சம் வந்துவிடும் என்று பயமுறுத்தியவர்கள் பலர். அப்படி எதுவும் வரவில்லை. "ஒரே நாள்ல மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சுப்பா" என்பார் அப்பா. அதே ராஜாஜி ஏழு வருஷம் கழித்து "லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யம்" என்று பெயர் சூட்டி அதை எதிர்த்துக் கட்சி தொடங்கியபோது, மண்டிக்காரர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

வந்து சேர்ந்தவர்கள்

1959 ஜூன் 4 அன்று சென்னையில் புதிய கட்சி அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 1, 2 தேதிகளில் மும்பையில் ஆயத்த மாநாடு கூடி 21 அடிப்படைக் கொள்கைகளை வெளியிட்டது. 1960 மார்ச்சில் பாட்னாவில் முதல் தேசிய மாநாடு. பெயரளவில் இது ஒரு புதுக் கட்சி. உள்ளே பார்த்தால் பல சிறு கட்சிகளும் குழுக்களும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து கலந்த சங்கமம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, நம் தமிழ்நாட்டுப் பங்கு. 1957 தேர்தல் சமயத்தில் ராஜாஜியைச் சார்ந்தவர்கள் காங்கிரசிலிருந்து பிரிந்து காங்கிரஸ் சீர்திருத்தக் குழு என்ற பெயரில் நின்றார்கள். அந்த வருஷமே செப்டம்பரில் மதுரை மாநாட்டில் அது இந்திய தேசிய ஜனநாயகக் காங்கிரஸ் ஆனது. அதன் தலைவர் வி.கே. ராமசாமி முதலியார் சென்னைச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர். 1959-இல் இந்தக் கட்சி சுதந்திராவில் கலந்தது.

இரண்டாவது, ஆந்திரப் பங்கு. குண்டூர் ஜில்லா நிடுப்ரோலுவில் பிறந்த என்.ஜி. ரங்கா, 1951-இல் கிருஷிகார் லோக் கட்சி என்று விவசாயிகளுக்காகத் தனிக்கட்சி நடத்தியவர். 1952 தேர்தலில் சென்னை ராஜ்யத்தில் அதற்கு 15 இடங்கள். பிறகு காங்கிரசுக்குத் திரும்பி, நாக்பூர் தீர்மானத்தைப் பொறுக்க முடியாமல் மறுபடி வெளியே வந்தார். சுதந்திராக் கட்சியின் முதல் தலைவர் அவரே.

மூன்றாவது, மும்பைப் பங்கு. இங்கே கட்சி கிடையாது, கருத்துக் கூடம்தான். ஏ.டி. ஷ்ராஃப் முதலானோர் 1956-இல் தொடங்கிய சுதந்திரத் தொழில் மன்றம், மினூ மசானி, சர் ஹோமி மோடி, கே.எம். முன்ஷி ஆகியோர். மசானி பொதுச் செயலாளர் ஆனார். 1934-இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கிய இளைஞர்களில் இவரும் ஒருவர். சோஷலிசத்தை உள்ளேயிருந்து பார்த்துவிட்டு வெளியே வந்த மனிதர்.

நான்காவது, பீகார்ப் பங்கு. ராம்கர் ராஜா காமாக்யா நாராயண் சிங் நடத்திவந்த ஜனதா கட்சி. (1977-இல் வந்த ஜனதா கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சோட்டா நாகபுரி வட்டாரத்தில் அவருக்கு இருந்த செல்வாக்கே அதன் சொத்து.

ஐந்தாவது, ஒரிஸ்ஸாப் பங்கு. பாட்னா சமஸ்தானத்து (இது பீகார் பாட்னா அல்ல, பலாங்கீர் பக்கத்துப் பாட்னா) மாஜி மன்னர் ஆர்.என். சிங் தேவ், களஹண்டி பி.கே. தேவ் ஆகியோரின் கணதந்திர பரிஷத். இது பேருக்குச் சின்னக் கட்சி அல்ல. 1957-இல் 140 பேர் கொண்ட சட்டசபையில் 51 இடம் பிடித்த கட்சி. 1962 தேர்தலைத் தன் சொந்தப் பெயரிலேயே சந்தித்துவிட்டு, அதன் பிறகுதான் சுதந்திராவில் இணைந்தது. கவனமான பங்காளி!

இவற்றோடு குஜராத்தில் வல்லப் வித்யாநகரை உருவாக்கிய பாய்லால்பாய் படேல் தலைமையில் பாடிதார்களும், அவர்களோடு எப்போதும் ஒத்துப்போகாத க்ஷத்திரிய சபைக்காரர்களில் பலரும் வந்தார்கள். ராஜஸ்தானில் 1961-இல் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி சேர்ந்தார்.

பகையாளிகள் ஒரே பந்தியில்

இந்தப் பட்டியலைச் சற்று உற்றுப் பாருங்கள். ரங்கா தம் இளமையில் ஜமீன்தார்களை எதிர்த்து ரைத்துக்களைத் திரட்டியவர். வெங்கடகிரி ஜமீன் போராட்டத்தில் பெயர் பெற்றவர். அவர் தலைமை வகித்த கட்சியில் பெரிய ஜமீன்தாரான ராம்கர் ராஜா. வி.பி. மேனன், சர்தார் படேலின் வலது கையாக நின்று சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைத்தவர். 1947 டிசம்பரில் கட்டாக்கில் ஒரிஸ்ஸா மன்னர்களை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கிய வேளையில் படேலுடன் இருந்தவர். அவரும் சுதந்திராவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அன்று கையெழுத்துப் போட்டு ராஜ்யத்தை விட்ட ஒரிஸ்ஸா மன்னர்களும் பிற்பாடு அதே கட்சி. வாங்கினவரும் கொடுத்தவரும் ஒரே பலகையின் கீழ்.

இவர்களை எது ஒன்று சேர்த்தது? அவநம்பிக்கைதான். நிலம் போய்விடுமோ என்று உழவருக்கு, தொழிலுக்கு அனுமதி கிடைக்காதோ என்று முதலாளிக்கு, தானியம் விற்க முடியாதோ என்று வியாபாரிக்கு, மானியம் நிறுத்தப்படுமோ என்று மன்னருக்கு. ஆளுக்கொரு பயம், பயம் வரும் திசை மட்டும் ஒன்று.

இந்தியாவுக்கு ஒரு கன்சர்வேட்டிவ் கட்சி வேண்டும் என்று ராஜாஜி கூச்சமில்லாமல் சொன்னார். பழமையில் நல்லதைக் காக்க வேண்டும், தர்மத்துக்கு அரசியலில் இடம் வேண்டும் என்பது அவர் கருத்து. மசானிக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. அவர் தம்மை லிபரல் என்று சொல்லிக்கொண்டவர். ஆக, கட்சிக்கு என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பதிலேயே தாய்க்கும் மாமனுக்கும் கருத்து வேறுபாடு.

இருபத்தோராவது கொள்கை

இப்படிப்பட்டவர்களை ஒரே கூரையில் வைப்பதற்கு அவர்கள் கண்ட வழிதான் என்னை வியக்க வைக்கிறது. 21 கொள்கைகளில் முதல் இருபதும் சொத்துரிமை, குறைந்த வரி, அரசாங்கத் தலையீடு குறைவு, குடிமகன் உரிமை, காந்தியடிகளின் தர்மகர்த்தா முறை என்று போகின்றன. கடைசிக் கொள்கை வேறு மாதிரி. மேலே சொன்ன அடிப்படைகளுக்கு உட்படாத எந்த விஷயத்திலும் உறுப்பினர் தம் விருப்பப்படி கருத்து வைத்துக்கொள்ளலாம், பேசலாம், கட்சி கட்டுப்படுத்தாது என்பது அதன் சாரம். நம் நாட்டுக் கட்சிகளில் இப்படித் தன் கையைத் தானே கட்டிக்கொண்ட கட்சியை நான் வேறு பார்க்கவில்லை.

எங்கள் சமண நெறியில் அநேகாந்தவாதம் என்று ஒன்று உண்டு. ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு. நான் பார்த்த பக்கம்தான் முழு உண்மை என்று சாதிக்கக்கூடாது என்பது அதன் அடிப்படை. இருபத்தோராவது கொள்கையை எழுதியவர்கள் இதை நினைத்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாசனை அடிக்கிறது.

இது ஏட்டோடு நின்ற கொள்கை அல்ல. மொழிப் பிரச்சினையில் சோதனைக்கு வந்தது. 1938-இல் சென்னை ராஜதானிப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் ராஜாஜி. அதே ராஜாஜி 1950-களின் கடைசியில் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆவதைக் கடுமையாக எதிர்த்தார். ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்று வாதாடினார். 1965-இல் தமிழ்நாடு கொந்தளித்தபோதும் அவர் நிலை மாறவில்லை. அவருடைய கட்சியிலோ பீகார், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்து இந்திக்காரர்கள். வேறு கட்சியாக இருந்தால் ஒருவர் வாயை மூடியிருக்க வேண்டும் அல்லது வெளியேறியிருக்க வேண்டும். இங்கே அவர் பாட்டுக்கு ஆங்கிலம் என்றார். அவர்கள் பாட்டுக்கு இந்தி என்றார்கள். கட்சி மொழியை அடிப்படைக் கொள்கையில் சேர்க்காமலே விட்டது.

ஜனசங்கத்தோடு சேர்ந்துவிடலாமே என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் அது கைகூடாமல் போனதற்கும் இதுவே ஒரு முக்கியமான காரணம். மொழியிலும், பாகிஸ்தான் காஷ்மீர் விஷயங்களில் ராஜாஜி சொன்ன சமாதான யோசனைகளிலும் ஜனசங்கத்துக்கு உடன்பாடு இல்லை. எண்ணிக்கை கூடும் என்பதற்காக மாற்றிக்கொள்ள ராஜாஜிக்கும் சம்மதமில்லை. பிற மொழிக்காரர் நடுவே குடியிருக்கும் நமக்கு இந்த நியாயம் உடனே பிடிபடும். பக்கத்து வீட்டுக்காரரோடு தண்ணீர், விளக்கு, வாசல் எல்லாவற்றுக்கும் ஒன்றாக நிற்கிறோம். வீட்டுக்குள் பேசும் மொழியை யாரும் யாரையும் கேட்பதில்லை. எது பொது, எது அவரவர் இஷ்டம் என்ற கோடு தெளிவாக இருந்தால் சேர்ந்து வாழலாம்.

முதல் யார் கையில் இருந்தது?

கொள்கையில் தெளிவு இருந்தது. குறை வேறு இடத்தில் இருந்தது. 1962 பொதுத் தேர்தல்தான் முதல் பரீட்சை. தொடங்கி மூன்று வருஷம்கூட ஆகாத கட்சிக்கு லோக்சபாவில் 18 இடங்கள். ஒரிஸ்ஸா பரிஷத்தின் 4 இடங்கள் பின்னால் சேர்ந்தன. நூற்றுக்கு ஏறக்குறைய எட்டு வாக்குகள். பீகார்ச் சட்டசபையில் 50, ராஜஸ்தானில் 36, குஜராத்தில் 26. ஜெய்ப்பூர்த் தொகுதியில் காயத்ரி தேவி, பதிவான 2,46,516 வாக்குகளில் 1,92,909 பெற்றது உலக சாதனையாகப் பேசப்பட்டது.

சரி, கட்சி பிறந்த சென்னை ராஜ்யத்தில்? 206-க்கு 6 இடம். இங்கேதான் கணக்கு ஆரம்பமாகிறது. எங்கே ராஜாவின் செல்வாக்கு இருந்ததோ அங்கே வாக்கு விழுந்தது. எங்கே கொள்கையை விளக்கிப் பேச்சும் பத்திரிகையும் நடந்தனவோ அங்கே கைதட்டல் விழுந்தது. பீகாரின் 50 இடமும் சுதந்திராவின் பேரேட்டில் எழுதப்பட்டன என்றாலும், சாவி ராம்கரில் இருந்தது.

அது சீக்கிரமே நிரூபணம் ஆச்சு. 1960-களின் நடுவில் ராம்கர் ராஜா கட்சியை விட்டு விலகினார். 1967-இல் பீகார்ச் சட்டசபையில் சுதந்திராவுக்குக் கிடைத்தது 3 இடம். ஐம்பது மூன்றானது. கொள்கை அந்த ஐந்து வருஷத்தில் மாறவில்லை. வாக்காளர் மனம் மாறியதாகவும் சொல்ல முடியாது. வாடிக்கைக்காரர் கடைக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை, பங்காளிக்குச் சொந்தமாக இருந்தார். பங்காளி போனதும் கூடவே போனார்.

ஒரிஸ்ஸா இதற்கு நேர்மாறு என்று சிலர் சொல்வார்கள். அங்கே சிங் தேவ் கடைசிவரை நின்றார் என்பது உண்மை. 1967-இல் சுதந்திராவுக்கு 49 இடம். மஹதாபின் ஜன காங்கிரசோடு சேர்ந்து ஆட்சி. 1967 மார்ச் முதல் 1971 ஜனவரி வரை சிங் தேவ் முதலமைச்சர். சுதந்திராக் கட்சியிலிருந்து வந்த ஒரே முதலமைச்சர் அவர். ஆனாலும் அந்த வாக்கு மேற்கு ஒரிஸ்ஸாவின் பழைய சமஸ்தான வட்டாரங்களின் வாக்கு. பரிஷத் என்ற பெயரில் விழுந்ததே நட்சத்திரச் சின்னத்தில் விழுந்தது. பலகை மாறியது, சரக்கு அதே.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். தர்மகர்த்தா முறை என்று கொள்கையில் எழுதினார்களே தவிர, நிலமில்லாத கூலிக்காரனுக்கு அதனால் என்ன கிடைக்கும் என்று சொல்ல ஒரு திட்டம் அவர்களிடம் இல்லை. எங்கள் நெறியில் இல்லறத்தாருக்குச் சொன்ன ஐந்து அணுவிரதங்களில் கடைசி, மிகுபொருள் விரும்பாமை. தனக்கு வேண்டிய அளவை முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு, மேலே வருவதைத் தானமாக விடுவது. சொத்து வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்பதோடு எல்லை கட்டும் கடமையும் உண்டு. சுதந்திராக் கட்சி முதல் பாதியை உரக்கச் சொன்னது. இரண்டாவது பாதியை மெல்லச் சொன்னது. "பணக்காரர் கட்சி" என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு எதிரிகளின் பிரசாரம் மட்டும் காரணமல்ல.

உச்சியும் சரிவும்

1967-இல் லோக்சபாவில் 44 இடங்கள். காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி சுதந்திராதான். குஜராத் சட்டசபையில் 168-க்கு 66. சென்னை ராஜ்யத்தில் தி.மு.க.வோடு கூட்டணி; சட்டசபையில் 20, லோக்சபாவுக்கு 6. இதைக் கவனியுங்கள்: அண்ணாவும் ராஜாஜியும் கட்சிகளை இணைக்கவில்லை. கடவுள், சாதி, பழமை என்று எதிலும் ஒத்துப்போகாதவர்கள் அவர்கள். அவரவர் கொடி அவரவரிடம். தொகுதிகளை மட்டும் பங்கிட்டார்கள். இணைப்பைவிட இந்தக் கூட்டு நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. இரு தரப்பும் தாம் யார் என்று மறைக்கவில்லையே.

உச்சியில் இருந்தபோதே அடித்தளம் நகர ஆரம்பித்தது. 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் சுதந்திராக் கட்சித் தலைவர்களில் ஒருவரான மும்பைக்காரர் ஆர்.சி. கூப்பர். 1970 பிப்ரவரியில் வழக்கில் ஜெயித்தார். அரசாங்கம் புதிய சட்டம் போட்டது. ஜனங்கள் கைதட்டியது இந்திரா காந்திக்கு. நீதிமன்றத்தில் ஜெயித்த விஷயம் கடைத்தெருவில் தோற்றது.

1971-இல் பழைய காங்கிரஸ், ஜனசங்கம், சம்யுக்த சோஷலிஸ்ட் கட்சி ஆகியவற்றோடு பெரிய கூட்டணி. இந்திராவை வெளியேற்று என்பதே ஒட்டுமொத்தப் பேச்சு. வறுமையை வெளியேற்று என்று அவர் பதில் சொன்னார். சுதந்திராவுக்கு 44 இருந்த இடத்தில் 8. அந்த எட்டும் எங்கே? ராஜஸ்தான், குஜராத், ஒரிஸ்ஸா. தென்னாட்டில் ஒன்றுகூட இல்லை. ராஜ்கோட்டில் மசானி தோற்றார். ரங்கா பிறகு காங்கிரசுக்கே திரும்பிப் போனார். அந்த வருஷமே மன்னர் மானியமும் ரத்தானது. 1972 டிசம்பர் 25-இல் ராஜாஜி காலமானார். எந்த நாளும் அந்தக் கட்சியின் தலைவர் பதவியை அவர் வகித்ததில்லை. ஆனால் எல்லாக் கடைக்காரர்களும் பேச்சுக்குக் கட்டுப்பட்ட ஒரே மனிதர் அவர்தான்.

கலந்தவர்கள் கரைந்த நாள்

1974 ஆகஸ்டில் சரண் சிங்கின் பாரதிய கிராந்தி தளம், பிஜு பட்நாயக்கின் உத்கல் காங்கிரஸ், ராஜ் நாராயணின் சோஷலிஸ்டுகள், பிலூ மோடி தலைமையில் இருந்த சுதந்திராக் கட்சி என ஏழு கட்சிகள் சேர்ந்து பாரதிய லோக் தளம் ஆயின. வரலாற்றின் வேடிக்கை பாருங்கள்: 1959-இல் நாக்பூரில் கூட்டுறவுப் பண்ணையை எதிர்த்துப் பேசிய காங்கிரஸ்காரர் இந்தச் சரண் சிங். அன்று அவர் சுதந்திராவுக்கு வரவில்லை. பதினைந்து வருஷம் கழித்து சுதந்திரா அவரிடம் போனது. ஆனால் 1959-இல் 21 கொள்கை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பிறரை அழைத்த கட்சி, 1974-இல் எண்ணிக்கையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. மசானிக்கு இதில் மனம் ஒப்பவில்லை. மகாராஷ்டிரக் கிளை இணைய மறுத்து, சுதந்திராக் கட்சி என்ற பெயரையே வைத்துக்கொண்டது.

மூன்று வருஷத்தில் லோக் தளமும் ஜனதாவில் கலந்தது. 1977 தேர்தலில் ஜனதா வேட்பாளர்கள் நின்றது லோக் தளத்தின் ஏர் உழவன் சின்னத்தில்தான். நிதியமைச்சரானார் எச்.எம். படேல், பழைய சுதந்திராக்காரர். ஜனதாவிலோ சோஷலிஸ்டும் ஜனசங்கமும் பழைய காங்கிரசும் அவரவர் கணக்கு அவரவர் பையில். 1979-இல் உடைந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தக் கடையும் ஓடவில்லை.

இதற்குப் பின்குறிப்பு போல நம் ஊரில் ஒன்று நடந்தது. அரசியல் சட்டத்தின் மீதும், அதோடு சோஷலிசத்தின் மீதும் பற்றுறுதி கூறினால்தான் கட்சியைப் பதிவு செய்யலாம் என்று 1989-இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. சோஷலிசத்தை எதிர்க்கவே பிறந்த கட்சி அந்த உறுதிமொழியை எப்படிக் கொடுக்கும்? எஞ்சியிருந்த சுதந்திராக்காரர்கள் சார்பில் எஸ்.வி. ராஜு 1996-இல் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பொய்யாக ஒரு கையெழுத்துப் போட்டுப் பதிவு வாங்கிக்கொள்வது எவ்வளவு சுலபம்! அதைச் செய்யாமல் வழக்குக்குப் போனார்கள். எத்தனையோ கட்சிகள் அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தாராளமயம் பேசுகின்றன.

ஐந்தொகை

1991 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறையை நீக்கியது. ராஜாஜி எதைக் கேட்டாரோ அதில் பெரும்பகுதியைச் செய்தது காங்கிரஸ். கருத்து ஜெயித்தது, கட்சி ஜெயிக்கவில்லை. இதை வைத்து "காலத்துக்கு முந்திப் பிறந்த கட்சி" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் அப்படி முடிக்க மாட்டேன். காலத்துக்கு முந்திப் பிறந்தும் பிழைத்திருக்கலாம். தன் காலத்தை எதிர்நோக்கி இருபது, முப்பது வருஷம் காத்திருந்து வென்ற கட்சிகள் நம் நாட்டில் உண்டு. காத்திருக்க வேண்டுமானால் வாக்காளர் கட்சிக்குச் சொந்தமாக வேண்டும். சுதந்திராவில் கருத்து பொதுப் பெட்டியில் இருந்தது, வாக்கு தனிப் பெட்டிகளில் இருந்தது. தனிப் பெட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனபோது, பொதுப் பெட்டியில் மிஞ்சியது 21 கொள்கை அச்சிட்ட காகிதம்.

அந்தக் காகிதத்தின் கடைசி வரியை மட்டும் நான் பத்திரப்படுத்தச் சொல்வேன். நம் ஊரிலேயே இரண்டு, மூன்று தமிழ் அமைப்புகள் ஒன்றாகலாமே என்ற பேச்சு அவ்வப்போது வருகிறது. நல்லதுதான். எதற்காகச் சேர்கிறோம் என்று நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு வெளியே உள்ளதில் அவரவர் இஷ்டம் என்று ஐந்தாவது வரியையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் சந்தாப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் ஒன்றாக்குங்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் பலகையை மட்டும் மாற்றினால், பலகை எழுதிய கூலிதான் மிச்சம்.